பாதி தடவை மட்டும் திறக்கும் சர்வர்: பாண்டிங் போட்ட இயந்திரத்தில் எஸ்எஸ்எச் கோளாறைப் பிடிப்பது எப்படி

லாகின் ஆகவில்லை என்றதும் பலரும் முதலில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் வழி) சர்வரின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து வரிகளை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளைச் சேர்த்து ஒரே பாண்ட் ஆக்கிய லினக்ஸ் சர்வர் என்றால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். கடவுச்சொல் தப்பு என்றால் அது எப்போதுமே தப்புதான். ஒரு தடவை உள்ளே விட்டு மறு தடவை விடாத சர்வரில், பெரும்பாலும் இரண்டு கேபிள்களில் ஒன்று நன்றாக இருக்கிறது, மற்றொன்று கெட்டிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும் வரை அது பிடிபடாது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். போர்ட்டுகளை இத்0, இத்1 என்றும் சேர்ந்த இணைப்பை பாண்ட்0 என்றும் சொல்கிறேன். உங்கள் சர்வரில் பெயர் வேறாக இருக்கலாம்.

படி 1: மாற்று வழியைத் திறந்து வையுங்கள்

நெட்வொர்க்கை நம்பாமல் உள்ளே போக ஒரு வழி வேண்டும். ஐடிராக், ஐஎல்ஓ மாதிரி ரிமோட் கன்சோல் இருந்தால் அதைத் திறந்து லாகின் செய்து வையுங்கள். மெய்நிகர் இயந்திரம் என்றால் ஹைப்பர்வைசர் கன்சோல் போதும். இந்த வழி இல்லாமல் இரவு 11 மணிக்கு பாண்டிங்கில் கைவைக்காதீர்கள், டேட்டா சென்டருக்கு வண்டி எடுக்க வேண்டியிருக்கும். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை நெட்பிளான் கருவியால் மாற்றுவதென்றால் நெட்பிளான் அப்ளை வேண்டாம், நெட்பிளான் ட்ரை போடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்ப முயலும். ஆனால் பாண்டின் சில அமைப்புகளை அதனால் திருப்ப முடியாது. கன்சோல் இருந்தே ஆக வேண்டும்.

படி 2: என்ன பிழை வருகிறது என்று நிதானமாகப் படியுங்கள்

உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் கட்டளையோடு -விவிவி சேர்த்து அடியுங்கள், நடப்பதை விரிவாகக் காட்டும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று வந்தால் சர்வர் வரை போய்விட்டீர்கள், 22-ஆம் போர்ட்டில் (இது கேபிள் மாட்டும் போர்ட் அல்ல, எஸ்எஸ்எச் சேவையின் எண்) யாரும் கேட்கவில்லை அல்லது ஃபயர்வால் மறுக்கிறது. "பெர்மிஷன் டினைட்" என்றால் நெட்வொர்க் சரி, கீயையோ பயனர் பெயரையோ பாருங்கள். இந்த இரண்டுக்கும் பாண்டிங் பொதுவாகக் காரணம் இல்லை.

"டைம்டு அவுட்" என்றால்தான் இந்தக் கட்டுரை. கனெக்ட் ஆகி, கீ பரிமாற்றம் என்ற இடத்தில் உறைந்து நின்றால் அது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பிரச்சினையாக இருக்கலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 3: பாண்ட் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது?

கன்சோலில் இதை அடியுங்கள்: கேட் /ப்ராக்/நெட்/பாண்டிங்/பாண்ட்0

முதலில் மோடைப் பாருங்கள். ஆக்டிவ்-பேக்கப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கேபிள்தான் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். 802.3ஏடி என்றால் கேபிள்களின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்சும் சர்வரும், கேபிள்களை ஒரு குழுவாகச் சேர்க்க, எல்ஏசிபி நெறிமுறையில் பேசிக்கொள்ள வேண்டும். பேலன்ஸ்-எக்ஸார், பேலன்ஸ்-ஆர்ஆர் என்றால் ஸ்விட்சில் அந்த இரண்டு போர்ட்டுகளையும் கையால் ஒரு குழுவாக்கியிருக்க வேண்டும். சர்வரில் ஒரு மோடு, ஸ்விட்சில் வேறு அமைப்பு என்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அடுத்து ஒவ்வொரு போர்ட்டின் எம்ஐஐ ஸ்டேட்டஸ், அதாவது லிங்க் இருக்கிறதா இல்லையா என்ற நிலை. இரண்டும் அப் என்று இருக்க வேண்டும். லிங்க் ஃபெயிலியர் கவுண்ட் ஒரு போர்ட்டில் மட்டும் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கேபிளையோ அது செருகியிருக்கும் எஸ்எஃப்பி மாட்யூலையோ மாற்றுங்கள்.

எல்ஏசிபி என்றால் இன்னும் இரண்டு இடங்கள். பார்ட்னர் மேக் அட்ரஸ் (எதிர்முனையின் வன்பொருள் முகவரி) முழுக்கப் பூஜ்ஜியமாக இருந்தால் ஸ்விட்ச் எல்ஏசிபி பேசவே இல்லை. இரண்டு போர்ட்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி வேறு வேறாக இருந்தால் அவை ஒன்றாகச் சேரவில்லை, ஒன்றுதான் ஓடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எம்ஐஐ ஸ்டேட்டஸ் அப் என்றால் கேபிளின் மறுமுனையில் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சரியான ஸ்விட்ச் போர்ட்டா, சரியான விலானா (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) என்பது அதற்குத் தெரியாது.

படி 4: ஒவ்வொரு கேபிளிலும் காது வைத்துக் கேளுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒருமுறை ஒரு ரேக்கைச் சுத்தம் செய்தவர் இத்1 கேபிளைக் கழற்றி, பக்கத்துப் போர்ட்டில் மாட்டிவிட்டார். அந்தப் போர்ட் குழுவிலும் இல்லை, விலானும் வேறு. பச்சை விளக்கு எரிந்தது. எம்ஐஐ அப். பிங் ஒரு பாக்கெட்கூடத் தவறாமல் போனது. எஸ்எஸ்எச் மட்டும் ஏறக்குறைய பாதி தடவை டைம் அவுட்.

காரணம் இதுதான். அந்தச் சர்வரில் பேலன்ஸ்-எக்ஸார் மோடு, ஹேஷ் பாலிசி லேயர்3+4. வெளியே போகும் பாக்கெட் எந்தக் கேபிளில் ஏற வேண்டும் என்பதை இருபக்க ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் சேர்ந்து தீர்மானிக்கும். நீங்கள் புதிதாக எஸ்எஸ்எச் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் கணினியின் போர்ட் எண் மாறும். ஒரு தடவை நல்ல கேபிள், அடுத்த தடவை கெட்ட கேபிள். பிங்குக்கு போர்ட் எண்ணே கிடையாது. ஒருமுறை தொடங்கிய பிங் கடைசிவரை ஒரே கேபிளில்தான் போகும். அதனால்தான் பிங் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

இரண்டு கன்சோல் திரைகளில் (ஒன்றுதான் என்றால் திரையைப் பிரிக்கும் டிமக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்) போகவர இருக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பைத் தனித்தனியாக இப்படி ஓட்டுங்கள்:

டிசிபிடம்ப் -என்என் -ஐ இத்0 போர்ட் 22
டிசிபிடம்ப் -என்என் -ஐ இத்1 போர்ட் 22

வெளியிலிருந்து எஸ்எஸ்எச் அடித்துப் பாருங்கள். உள்ளே வரும் கோரிக்கை "எஸ்" என்ற குறியோடு தெரியும். சர்வரின் பதில் "எஸ்" பக்கத்தில் ஒரு புள்ளியோடு தெரியும். அன்று எங்களுக்குத் தெரிந்தது இது: எஸ் இத்0-இல் வந்தது, எஸ்-புள்ளி இத்1-இல் போனது, ஒரு விநாடி கழித்து அதே எஸ் மறுபடி இத்0-இல் வந்தது. கேட்டவருக்குப் பதில் போய்ச் சேரவில்லை, அதனால் திரும்பக் கேட்கிறார். லாகின் ஆன தடவைகளில் எஸ், எஸ்-புள்ளி இரண்டுமே இத்0-இல் இருந்தன. வருவதும் போவதும் வேறு வேறு கேபிளில் இருப்பது தப்பில்லை. வரும் வழியை ஸ்விட்ச் தேர்ந்தெடுக்கிறது, போகும் வழியைச் சர்வர் தேர்ந்தெடுக்கிறது. பதில் எந்தக் கேபிளில் போகும்போது தொலைகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 5: சந்தேகப்பட்ட கேபிளை ஒரு நிமிடம் நிறுத்துங்கள்

கன்சோலிலிருந்து ஐபி லிங்க் செட் இத்1 டவுன், பிறகு ஸ்லீப் 60, பிறகு ஐபி லிங்க் செட் இத்1 அப். மூன்றையும் அரைப்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் அடித்தால் தானாகவே மீண்டுவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் வெளியிலிருந்து பத்து தடவை லாகின் முயலுங்கள். பத்தும் ஆனால் குற்றவாளி இத்1 பக்கம். அடுத்து ஸ்விட்ச் பொறுப்பாளரிடம், "லாகின் ஆகலை சார்" என்று சொல்லாமல், "இத்1 மாட்டியிருக்கிற போர்ட்டோட விலானையும் குழுவையும் பாருங்க சார்" என்று கேளுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

கேபிள்கள் இரண்டும் நன்றாக இருந்தால்

ஐபி அட்ரஸ் ஷோ அடித்துப் பாருங்கள். பாண்ட் போடுவதற்கு முன் இத்0-க்குக் கொடுத்த ஐபி முகவரி இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? முகவரி பாண்ட்0-இல் மட்டும்தான் இருக்க வேண்டும். ஃபயர்வால் விதி இத்0 என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தால் அதையும் பாண்ட்0 என்று மாற்றுங்கள்.

கீ பரிமாற்றத்தில் உறைந்து நிற்பவர்கள் பிங் -கேபிடல் எம் டூ -எஸ் 1472, பிறகு சர்வர் முகவரி என்று அடியுங்கள் (டூ என்பது எண் 2 அல்ல; டி, ஓ என்ற இரண்டு எழுத்து). 1472-உடன் தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1500. ஜம்போ ஃப்ரேமுக்கு (பெரிய பாக்கெட்டுக்கு) எம்டியூ 9000 வைத்திருந்தால் 8972 போடுங்கள். சின்ன பிங் போய், இது போகவில்லை என்றால் சர்வரிலும் ஸ்விட்சிலும் எம்டியூ ஒத்துப்போகவில்லை. சின்னப் பாக்கெட்டுகள் நுழைந்துவிடும், கீ பரிமாற்றத்தின் பெரிய பாக்கெட்டுகள் வழியிலேயே விழுந்துவிடும்.

இதே மாதிரி விலான் தவறுகளைச் சர்வரே பிடிக்க வேண்டுமென்றால், ஆக்டிவ்-பேக்கப் மோடில் எம்ஐஐ கண்காணிப்புக்குப் பதிலாக ஏஆர்பி கண்காணிப்பை (ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) வைத்து, வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வேயின் முகவரியை இலக்காகக் கொடுங்கள். ஏஆர்பி வேலிடேட் அமைப்பையும் ஆல் என்று வைத்தால், கேட்வேயை எட்டாத கேபிளை பாண்ட் ஒதுக்கிவிடும். 802.3ஏடி மோடில் இது நடக்காது.

சரிசெய்த பிறகு இருபது தடவையாவது லாகின் செய்து பாருங்கள், இரண்டு மூன்று தடவை போதாது. இருபதும் ஆனதும் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டி மறுபடி சோதியுங்கள். கடைசியாக இரண்டு முனையிலும் ஸ்விட்ச் பெயரையும் போர்ட் எண்ணையும் எழுதி லேபிள் ஒட்டிவிட்டு, கன்சோலை மூடுங்கள்.