சின்னச் சின்ன சந்தோஷங்களைக் குறித்து வைப்பது எப்படி?

படுக்கப் போகும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். அன்று நல்லபடியாக நடந்த 3 விஷயங்களை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் 'இது ஏன் நடந்தது?' என்பதற்கு ஒரு வரி சேருங்கள். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இதை 1 வாரம் செய்தவர்களிடம் பலன் 6 மாதம் வரை தெரிந்தது.

'குடும்பம், உடல்நலம்' என்று தினமும் அதையே எழுதினால் நாலே நாளில் மனசு மரத்துப்போகும். இதனாலேயே கைவிட்டுவிடத் தோன்றும். 'மழை விட்டதும் ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கிய துளிகள்', 'கை நிறையச் சுமையோடு வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்' என்று கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள். மனசு கனத்த நாளில் ஒன்றே போதும். நன்றியை வலுக்கட்டாயமாக வரவழைக்க முடியாது. சலிப்புத் தட்டினால் வாரம் ஒருமுறை எழுதுங்கள்.

எழுதியது ஒருவரால் நடந்தது என்றால், மறுநாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.