வருகிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: சென்னையில் சின்னக் குழுவாக இம்மர்சிவ் நாடகம் போடுவது எப்படி

ஐந்து பேர் சேர்ந்துவிட்டீர்கள், கையில் ஒரு கதை இருக்கிறது, மேடையே வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டீர்கள். பார்க்க வருகிறவர்கள் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்காமல் கதை நடக்கும் வீட்டுக்குள்ளேயே நடமாட வேண்டும், பொருட்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பாத்திரங்களோடு பேச வேண்டும் என்று ஆசை. இதைத்தான் இம்மர்சிவ் நாடகம் என்கிறார்கள். சில வருடங்களாக இதையே செய்துவரும் ஒரு குழுவிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு வருட உழைப்பு மிச்சமாகும்.

முதலில் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர் இந்தக் கதைக்குள் யார், எதற்காக வந்திருக்கிறார், அவர் கைக்கு என்ன வேலை? இதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு வசனம்கூட வேண்டாம். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டில் நாங்கள் போட்ட நாடகத்தையே சொல்கிறேன். வீட்டை பில்டரிடம் ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருக்கிறது, அண்ணன் தங்கைகள் மூன்று பேர் பாட்டியின் சாமான்களைப் பிரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. முதலில் பார்வையாளர்களை யார் கண்ணுக்கும் தெரியாதவர்களாக வைத்திருந்தோம். ஒத்திகைக்கு வந்த பன்னிரண்டு பேரும் சுவரோடு ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு, யார் வழியிலும் வந்துவிடக் கூடாதே என்ற தவிப்பிலேயே முக்கால் மணி நேரம் நின்றார்கள். அடுத்த வாரம் அவர்களைத் தூரத்துச் சொந்தக்காரர்களாக மாற்றினோம், பாட்டி ஞாபகமாக ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் என்று. எல்லாமே மாறிவிட்டது. சொந்தக்காரர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லையே. திண்ணையில் உட்கார்ந்தார்கள், அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு அம்மா நடிகையிடம் “பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டே விட்டார்.

அந்தப் பாத்திரங்களைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கினோம். எவர்சில்வர் தூக்கு, டம்ளர், ஒரு காபி ஃபில்டர், எல்லாவற்றிலும் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும், சிலதில் தேதியும் இருக்கும். 12.6.74 என்று வெட்டிய ஒரு தூக்கைக் கையில் வாங்கிய பெரியவர், கட்டைவிரலால் அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டே நாடகம் முழுக்க அதைக் கீழே வைக்காமல் சுற்றினார். அவருக்கு நாங்கள் எந்த வசனமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அது நிஜமான பொருளாக இருக்க வேண்டும், தெர்மாகோலில் செய்தது கைக்கு வந்தவுடனே பொய் என்று தெரிந்துவிடும்.

லண்டன், நியூயார்க்கில் போட்ட இம்மர்சிவ் நாடகங்களின் வீடியோக்களை யூடியூப்பில் பார்க்கலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை பஸ் ஏறி காஞ்சிபுரம், செஞ்சிப் பக்கம் மகாபாரதத்தைக் கூத்தாகப் போடும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போய்விட்டு வாருங்கள். அர்ஜுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார், மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் போடுவார், கீழே குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் காத்திருப்பார்கள். பகாசுரன் கதையில் பீமன் மாட்டு வண்டியில் சோற்றோடு தெருத் தெருவாக வருவான். கடைசி நாள் படுகளம் என்ற போர்க்களக் காட்சியில் மண்ணாலேயே துரியோதனனைப் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள், எல்லாம் முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடியை ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் அங்கே ஏதோ ஒரு காரியம் இருக்கிறது, கவனித்தீர்களா? 1977ல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு, தெருக்கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போய்ப் பாடம் கேட்டது. 1980ல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பட்டறை நடத்தி, மேடையும் திரையும் இல்லாமல் ஒரே தரையில் நின்று நாடகம் போடலாம் என்று இங்கிருந்தவர்களுக்குச் செய்து காட்டினார். நமக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டதில் பெரியது கட்டியங்காரன், கூத்தை நடத்திக்கொண்டு போகும் கோமாளி. ராஜாவோடும் பேசுவான், முன்வரிசையில் தூங்கும் ஆளையும் எழுப்புவான். உங்கள் நாடகத்திலும் அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும், கதைக்குள் ஒரு பாத்திரமாக இருந்துகொண்டே கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் வீட்டில் அவர் பக்கத்து வீட்டு மாமா. “எல்லாரும் மேல வாங்க, மாடிப்படி இருட்டா இருக்கு, சுவத்தப் பிடிச்சுக்குங்க” என்று அவர் சொன்னால் அது நாடகமும்தான், பாதுகாப்பு அறிவிப்பும்தான். குழுவிலேயே நிதானமான ஆளை இதற்குப் போடுங்கள், சிறந்த நடிகர் என்பது இரண்டாம் பட்சம்.

வாசல்தான் நாடகத்தின் முதல் காட்சி. நம் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம், வேறொரு உலகத்துக்குள் காலெடுத்து வைக்கிற உணர்வு அந்த ஒரு செயலிலேயே வந்துவிடுகிறது, அதை அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொருவராகக் கழற்றட்டும், தரை காலில் படட்டும். செல்போன் விஷயத்தில் நாங்கள் நிறைய முயற்சி செய்தோம். வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் யாருக்கும் மனசு வராது. கடைசியில் ஆளுக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்து, போனை அணைத்து அதில் போட்டு முடிச்சுப் போட்டு அவர்களையே தோளில் மாட்டிக்கொள்ளச் சொன்னோம். போன் அவர்களிடமே இருக்கிறது, ஆனால் முடிச்சை அவிழ்க்க யாரும் முயலவில்லை.

அப்புறம் சம்மதம். இதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் வாசலில் சிவப்பு நூல் இருக்கும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதுபோல விருப்பமுள்ளவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். நூல் கட்டியவரிடம் நடிகர் நேராகப் பேசலாம், கையில் பொருள் கொடுக்கலாம். கட்டாதவரை விட்டுவிட வேண்டும், அவர் நிம்மதியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் அவிழ்த்துவிடலாம் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். நூல் கட்டியவரையும் கேட்காமல் தொடக் கூடாது. நடிகைகளுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். யாராவது எல்லை மீறினால் சொல்ல ஒரு ரகசிய வசனம் வைத்திருங்கள், எங்களுடையது “மோட்டார் போட்டாச்சா?”. அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு மாமா வந்து அந்த ஆளை நயமாக வேறு அறைக்கு அழைத்துப் போய்விடுவார்.

ஒத்திகையை நாடகக்கார நண்பர்களை வைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும். தெருமுனையில் பூ விற்கும் அக்கா, ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், காலேஜ் பையன்கள் என்று கூப்பிட்டு, குறைந்தது மூன்று முறை முழுசாக ஓட்டிப் பாருங்கள். ஒரு ஒத்திகையில் தங்கையாக நடித்தவர் அழும்போது, வந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நடிகை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தார். பாட்டியின் முகம் வாடிப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் விதி: கொடுத்தால் வாங்கு, குடி, அப்புறம் வசனத்துக்கு வா. வசனத்தில் எது மாறவே கூடாது, எங்கே இளகலாம் என்று காட்சிக்குக் காட்சி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முழு நாடகத்திலும் மாறக் கூடாதது ஏழு இடங்கள்தான்.

இடத்தைப் பற்றி. ஆடி மாதத்தில் சின்னக் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மார்கழியிலும் காலிதான், ஆனால் உங்கள் பார்வையாளர்கள் பாதிப் பேர் சபாக்களில் இருப்பார்கள். மொட்டை மாடி அருமையான இடம், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், மழை உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் எந்த மாதமும் வேண்டாம். இடம் முடிவானதும், நாடகம் நடக்கப்போகிற அதே நேரத்தில் ஒரு சாயங்காலம் சும்மா போய் உட்காருங்கள். எத்தனை மணிக்குக் குக்கர் விசில், எப்போது பாங்கு, எப்போது தண்ணீர் லாரி என்று எழுதுங்கள். அதையெல்லாம் நாடகத்துக்குள் சேர்த்துக்கொள்ள முடியும். மின்விசிறிச் சத்தம் மெல்லிய வசனத்தை விழுங்கிவிடும், அதை நிறுத்தினால் மே மாதத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள், அதனால் ரகசியம் பேசும் காட்சிகளை முற்றத்துக்கு மாற்றுங்கள்.

திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 9.30க்கு முடித்துவிடுங்கள். ஸ்கிரிப்டைப் போலீஸிடம் காட்ட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 1954ம் வருட நாடகச் சட்டத்தின் அந்தக் கெடுபிடிகளை எதிர்த்து பரீக்‌ஷா என்ற நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்துவிட்டது. தெரு, கடற்கரை என்று பொது இடத்துக்குப் போனால் மட்டும் காவல் துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு சின்னதுதான். ஐந்து நடிகர்களுக்கு 16 பார்வையாளர்களுக்கு மேல் சமாளிக்க முடியாது. டிக்கெட் 400 ரூபாய் என்றால் ஒரு காட்சிக்கு 6,400, ஒரே நாளில் இரண்டு காட்சி போட்டால் 12,800. வாடகை, சாப்பாடு, ஆட்டோ போக நடிகர்களுக்கு முதலில் கொடுங்கள், குறைவாக இருந்தாலும் அன்றைக்கே கையில் கொடுங்கள். வரவேற்பு நன்றாக இருக்கிறது என்று 25 பேரை விட்டால் நூல் கட்டியும் யாரும் தன்னிடம் பேசவில்லை என்ற ஏமாற்றத்தோடு ஒன்பது பேர் வீட்டுக்குப் போவார்கள்.

முடிந்ததும் ஜனங்களைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். சுக்குக் காபி போடுங்கள், வேஷத்தைக் கலைத்துவிட்டு நடிகர்களும் வந்து உட்காரட்டும், அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், மறுநாள் ஒத்திகையை அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள். உள்ளே கடைசிக் காட்சி ஓடும்போதே இன்னொருவர் வாசலுக்குப் போய், செருப்புகளை ஜோடி சேர்த்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட வேண்டும்.