‘நில்’ என்று வந்தால் நில்லுங்கள்

போன வாரம் வார்டில் ஒரு பயிற்சி மருத்துவர், மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய்) நோயாளியின் கோப்பை நீட்டி, “சிறுநீரில் புரதம் நில், சார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது” என்றார். 15 ஆண்டுகளுக்கு முன் வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்து நான் எழுதிய அதே வாக்கியம். குப்பியில் பெயர் மாறுவது, ரத்த மாதிரி கெட்டுப்போவது பற்றியெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மைலோமாவில் சிறுநீரகச் சோதனைகளைப் படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பட்டைச் சோதனையை நம்புவது

அன்று வந்தவர் காசிமேட்டில் வலை பழுதுபார்க்கும் பெரியவர். இடுப்பு வலி, சோகை, அசதி. புரதம் இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தேன். புரதக் கட்டம் பச்சைக்கு மாறாமல் மஞ்சளாகவே இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 1.2. வேலை செய்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று வலி மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி, மூச்சு வாங்க, மகன் தோளில் சாய்ந்து வந்தார். கிரியேட்டினின் 6.8. மேல்சிகிச்சைக்கு அனுப்பிய இடத்தில் அன்றிரவே டயாலிசிஸ்.

அவரை அனுப்பிய பிறகு, மீதமிருந்த சிறுநீரை எங்கள் லேப் அண்ணன் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, புரதத்தைத் திரளவைக்கும் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டார். தெளிந்திருந்தது மோர்போல வெளுத்துத் திரண்டது. “பட்டைக்கு ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் அடையாளம் தெரியும், டாக்டர்” என்றார். நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம் அது. இன்றுவரை எரிச்சல் அடங்காததற்குக் காரணமும் அதுவே.

அவருக்கு இருந்ததும் மைலோமாதான். இந்த நோயில் பிளாஸ்மா செல்கள் கொட்டித் தள்ளும் லைட் செயின் என்ற புரதம் உருவில் சிறியது. சிறுநீரக வடிகட்டியைச் சுலபமாகக் கடந்து நுண்குழாய்க்குள் இறங்கி, அங்குள்ள யூரோமாடுலின் புரதத்தோடு கட்டிக்கொண்டு அடைப்பாகிவிடுகிறது. வடிகட்டி கெடாததால் ஆல்புமின் அதிகம் கசிவதில்லை. பட்டையும் வாய் திறப்பதில்லை. மொத்தப் புரதம்–கிரியேட்டினின் விகிதத்தையும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதலாவது எகிறி, இரண்டாவது சொற்பமாக இருந்தால் லைட் செயினைச் சந்தேகியுங்கள். ரத்தத்தில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்புக்கான வாய்ப்பு வலுவானது, நாள் கடத்தக் கூடாது. ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840களிலேயே சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்து ஆராய்ந்த புரதம் இது. நமக்குப் பட்டை போதுமாம்!

அறிக்கையில் வரும் ‘நில்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள். இந்த நோயில் மட்டும் அதைத் தமிழாகவே படியுங்கள்.

கிரியேட்டினினைத் தனியே படிப்பது

ரத்தக் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல், அல்லது கிரியேட்டினின் வெளியேற்றம் (சிறுநீரகம் அதை வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டருக்குக் கீழ் என்பது மைலோமாவில் சிறுநீரகப் பாதிப்புக்கான 2014ஆம் ஆண்டு வரையறை. பலர் ‘அல்லது’வோடு நின்றுவிடுகிறார்கள், வெளியேற்றத்தைப் பார்ப்பதில்லை. 75 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 1.3 உள்ள பாட்டிக்கு, வயதையும் எடையையும் சேர்த்து வெளியேற்றத்தைக் கணிக்கும் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: சுமார் 25தான் வரும். எலும்புக்காகப் போடும் சோலெட்ரோனிக் அமிலம் 30க்குக் கீழ் பரிந்துரைக்கப்படுவதில்லை. மைலோமா மருந்தான லெனலிடோமைடின் அளவையும் குறைத்தாக வேண்டும். தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் நல்லபிள்ளைபோல நடிக்கும்.

கப்பா–லாம்டா விகிதம்

கப்பா, லாம்டா இரண்டும் லைட் செயினின் வகைகள். ரத்தத்தில் அவற்றின் இயல்பான விகிதம் 0.26 முதல் 1.65 வரை என்பது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. சிறுநீரகம் குன்றியவர்களுக்கு வழக்கமாக எடுப்பது 0.37 முதல் 3.10.

டெக்சாமெதசோன் தொடங்கிய பிறகு

சிறுநீரகத்தை எடைபோடப் பார்க்கும் யூரியாவும் சிஸ்டாட்டின் சியும், ஸ்டீராய்டான இந்த மருந்தாலேயே ஏறலாம். பதறாதீர்கள்.

24 மணி நேரச் சிறுநீர்

முதல் நாள் காலைச் சிறுநீர் கேனுக்குள் போகக் கூடாது.

வலி மருந்து

டைக்ளோஃபினாக் கூடாது. “மாத்திரை எதுவும் போடுவதில்லை” என்பவரிடம் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.