கழுத்து பிடித்துக்கொண்டால் டாக்டரிடம் என்ன சொல்வது?

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கழுத்து ஒரு பக்கம் திரும்பவே மாட்டேன் என்றால் டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் வந்த முதல் வருடம் அதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதற்கு வாயுப் பிடிப்பு என்று பேர். அதை அப்படியே 'கழுத்தில் கேஸ்' என்று சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஏப்பம் வருகிறதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். நானும் கழுத்தைச் சாய்த்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆங்கிலத்தில் கேஸ் வயிற்றோடு சரி, கழுத்துக்கெல்லாம் ஏறாது.

கழுத்துப் பிடிப்புக்கு 'ஸ்டிஃப் நெக்' என்றால் போதும். ராத்திரி கெண்டைக்கால் சதை சுருண்டு உயிர் போகிறதே, அது 'கிராம்ப்'. முதுகிலோ கழுத்திலோ தசை தானாக இறுகி விடாமல் நின்றால் 'ஸ்பாஸம்'. சுளுக்கை மட்டும் அங்கே இரண்டாகப் பிரிப்பார்கள்: மூட்டில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார் இழுபட்டால் 'ஸ்ப்ரெயின்', தசையோ அதை எலும்போடு பிணைக்கும் நாரோ இழுபட்டால் 'ஸ்ட்ரெயின்'. இதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. பெட்டியைத் தூக்கினேன், கால் மடங்கியது என்று நடந்ததைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

'நரம்பு' என்று சொல்வதில் கவனம் வேண்டும். கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக் குழாயையும் நரம்பு என்போம், 'நரம்பு சுண்டி இழுக்குது' என்றும் சொல்வோம். 'நெர்வ்' என்று நீங்கள் ஆரம்பித்தால் டாக்டர் உண்மையான நரம்புக் கோளாறைத் தேடுவார். 'இழுப்பு' அதைவிட மோசம். மூச்சிரைப்புக்கும் அதே சொல், வலிப்புக்கும் அதே சொல்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் அவர் எந்தப் பக்கத்துத் தமிழ் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரர் 'விறைப்பு' என்றால் மடக்க முடியாமல் கட்டை போல நிற்பது. யாழ்ப்பாணத்தவருக்கு 'கால் விறைச்சுப் போச்சு' என்றால் கால் மரத்துப்போய்விட்டது. முதலாவது தசைப்பிடிப்பாகப் போகலாம், இரண்டாவது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதேபோல அவர்கள் 'நாரிப் பிடிப்பு' என்றால் இடுப்பு, கழுத்தில்லை.

பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கிறது, வலி தோளுக்கோ கைக்கோ இறங்குகிறதா என்பதைச் சொல்லிவிடுங்கள். பூஜ்யம் முதல் பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்பார்கள். நம் ஆட்கள் பலர் மரியாதைக்காக மூன்று என்பார்கள், வேண்டாம். தூக்கம் கெடுகிற வலிக்கு மூன்று போட்டால் மூன்றுக்கு உண்டான வைத்தியம்தான் கிடைக்கும்.

சாதாரணக் கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில நாட்களில் தானே விட்டுவிடும். ஆனால் காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து, தாடையை நெஞ்சில் தொட முடியாமல், வெளிச்சமும் கண்ணைக் கூசினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். கீழே விழுந்தபின் வந்த கழுத்து வலி, கை பலமிழப்பது, நெஞ்சு வலியோடு சேர்ந்து கழுத்திலும் தாடையிலும் பரவும் வலி, இவற்றுக்கும் அப்படித்தான். அங்கே சொல் தேடி நிற்க வேண்டாம், கையால் இடத்தைக் காட்டினாலே போதும்.