வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தடம் மாறாமல் இருக்க

செட்டிநாட்டில் பழைய வீடு வைத்திருக்கும் பலரும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். அதனால் வீட்டுப் பராமரிப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது நல்ல யோசனைதான். கொஞ்ச நாளில் அது காலை வணக்கக் குழுவாகிவிடும், அதுதான் தொல்லை.

1. குழு எதற்கு என்று எழுதுங்கள்
‘நம்ம ஊர் வீடுகள்’ என்று பொதுவாகப் பெயர் வைத்தால் விற்பனை, வாடகை, புதுமனை புகுவிழா அழைப்பு எல்லாம் வரும், போட்டவரைக் குறை சொல்லவும் முடியாது. குழு விவரத்தில் இப்படிப் போடுங்கள்: “பழைய வீட்டுப் பராமரிப்பு மட்டும்: ஒழுகல், சுண்ணாம்புப் பூச்சு, தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம். விற்பனை, வாழ்த்து, அரசியல் வேண்டாம்.” வேண்டாததைப் பெயர் சொல்லி எழுதுவது முக்கியம்.

2. அரட்டைக்கு இடம் கொடுங்கள்
வாழ்த்துச் சொல்லாதே என்றால் யார் கேட்பார்கள்? ‘திண்ணை’ என்று இன்னொரு குழு தொடங்கி, இரண்டையும் வாட்ஸ்அப்பில் ஒரே கம்யூனிட்டியின் (பல குழுக்களைச் சேர்த்து வைக்கும் வசதி) கீழ் வைத்துவிடுங்கள்.

3. தனியாகச் சொல்லுங்கள்
எனக்குத் தெரிந்து இதில்தான் குழு நிற்பதும் கலைவதும். பொதுவில் வைத்து “இது இடமில்லை” என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுண்டிப் போவார்கள், அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள், ஆனால் சுண்ணாம்பு அரைத்த பக்குவம் தெரிந்தது அவர்களுக்குத்தான். தனிச் செய்தியில் எழுதுங்கள்: “ஆச்சி, நீங்க போட்ட கோயில் படம் நல்லா இருக்கு, திண்ணையில போட்டீங்கன்னா எல்லாரும் பார்ப்பாங்க.” சொல்லியும் திரும்பத் திரும்ப வந்தால் அட்மின் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக நீக்கிவிடலாம்.

இவ்வளவு கறார் எதற்கு? ஒருவர் தளத்தில் கறை என்று படம் போடுகிறார், இன்னொருவர் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார், உடனே யாருக்கோ பிறந்தநாள் வந்து வாழ்த்துகள் குவிகின்றன. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை, கண்ணாடி மேல் சிமென்ட் கலவை வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது, ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்து நிறம் போய்விடும். “ஐயோ, ஊத்தாதீங்க” என்று ஒருவர் எழுதிய பதில் அந்த வாழ்த்துக் குவியலுக்கு அடியில் கிடந்தால் என்ன பிரயோஜனம்?

4. நல்ல பதிலை மேலே ‘பின்’ (pin) செய்து வையுங்கள்
ஐப்பசி மழை தொடங்கினால் ஓட்டு ஒழுகலைப் பற்றி அதே கேள்விதான் வரும். நல்ல பதிலை ‘பின்’ செய்தால் அது குழுவின் மேலேயே தெரியும். அப்படிச் செய்தது அதிகபட்சம் 30 நாள் நிற்கும், பிறகு மறுபடி செய்ய வேண்டும்.

5. சண்டை வந்தால்
அட்மின் மட்டும் எழுதலாம் என்று ஓர் இரவு மாற்றி வையுங்கள். காலையில் திறந்துவிடலாம். தேர்தல் சமயத்தில் கட்டாயம் தேவைப்படும்.

6. பாதை மாற ஆசைப்பட்டால்
வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுவது பற்றிப் பேசலாமே என்று பலர் கேட்கலாம். சரி, வாக்கெடுப்பு வையுங்கள். பெரும்பாலானோர் விரும்பினால் அதற்கென்று மூன்றாவது குழு, பராமரிப்புக் குழுவின் விவரத்தில் கை வைக்க வேண்டாம்.