ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகிறீர்களா? முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்

பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருவதால் கனடா, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லா இடத்துச் சனமும் யூலை, ஓகஸ்டில்தான் ஊருக்குப் பறக்கிறது. யாழ்ப்பாணத்தில் கிணறுகள் இறங்கிப்போகிற காலமும் அதுதான். மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டி முடிந்துவிடும். பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்து, மண் காய்ந்து, புழுதி பறக்கும். அடுத்த மாரி மட்டும் கிணறு தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, நாலு பேர் இருந்த வீட்டில் பத்துப் பேர் குளிக்கிறோம்.

இதை உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள். "மாமி, தண்ணி காணுமோ?" என்று கேட்டுப் பாருங்கள். "நீ குளி ராசா, தண்ணிக்கு என்ன குறை" என்றுதான் பதில் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் தண்ணீரை அளந்து பாவி என்று சொல்ல எந்த மாமிக்கும் வாய் வராது. நீங்கள் குளித்து உடுத்திக் கோயிலுக்கு வெளிக்கிட்ட பிறகுதான் அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார். எனவே நீங்களே பார்த்துவிடுங்கள். கிணற்றுக் கட்டில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது, மோட்டர்க் குழாயின் அடி தண்ணீருக்குள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மோட்டர் ஓடும்போது சத்தம் மாறிக் காற்றை இழுத்தால் உடனே நிறுத்துங்கள். கிணறு ஊறட்டும். வெறுமையாக ஓடவிட்டால் மோட்டரும் எரிந்துபோகும்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. மேலே இறைக்க இறைக்க அடியிலுள்ள உப்பு ஏறும். நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்குப்படி, நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலே வரும். ஒரே நாளில் நடக்கிற காரியமல்ல, மெல்ல மெல்லத்தான் நடக்கும். ஆனால் உப்பேறிச் சவராகிப்போன கிணறு மீண்டு வர லேசில் ஏலாது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கிணறு உங்கள் வளவுக்குள் இருந்தாலும் தண்ணீர் வேலிக்கு அடியால் போய் வருகிறது. மணிக்கணக்கில் நீங்கள் இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்துதான் இறங்கும்.

"காசு குடுத்தால் தண்ணீர் லொறி, பவுசர் வரும்தானே" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. அந்தப் பவுசரும் பெரும்பாலும் வேறொரு ஊர்க் கிணற்றில்தான் நிரப்பிக்கொண்டு வருகிறது. இப்போது கடல்நீரையும் நன்னீராக்கிக் குழாயில் தருகிறார்களே என்பார்கள். உண்மைதான். தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடிய நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். குழாயில் வருகிறது என்பதற்காக அது மலிவான தண்ணீர் ஆகிவிடாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? குளிப்பில் தொடங்குவோம், ஏனென்றால் அதில்தான் கூடப் போகிறது. சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8, 10 லீற்றர் ஊற்றும். 10 நிமிடம் நின்றால் 100 லீற்றர் வரை போய்விடும். வாளியில் நிரப்பி அள்ளிக் குளித்தால் 30 லீற்றரில் தலை முழுகியே முடிக்கலாம். பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளியால் வார்த்துவிடுங்கள், அவர்களுக்கும் அது கொண்டாட்டம். அந்தத் தண்ணீர் சின்ன வாய்க்காலால் வாழைக்குத்தான் போகும். அதனால் சவர்க்காரம், ஷம்பூ எல்லாம் அளவாக இருக்கட்டும்.

குசினியில் மாமி செய்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டமாட்டார், அது கறிவேப்பிலைக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்கு. சட்டி பானையை ஓடும் குழாயின் கீழே பிடிக்காமல் ஒரு பேசினில் ஊறவைத்துத் தேய்த்து, இன்னொன்றில் அலசுவார். நீங்கள் உதவி செய்கிறேன் என்று குழாயைத் திறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டு நின்றால், அவர் சிரித்துக்கொண்டே வந்து பூட்டுவார். அந்தச் சிரிப்பின் அர்த்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உடுப்பையும் அப்படித்தான்: ஒருதரம் போட்டதையெல்லாம் வோஷிங் மெஷினுக்குள் எறியாமல், நிறையும் வரை சேர்த்துப் போடுங்கள். குடிதண்ணீர் வடிகட்டும் மெஷின் இருந்தால் அது வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்து மலசலகூடத்துக்கு ஊற்றலாம்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வலிகாமத் தோட்டப் பகுதிகளில் பசளையாலும் மலக்குழிகளாலும் கிணற்று நீரில் கைக்குழந்தைக்குக் கூடாத நைத்திரேற்று என்ற உப்பு கூடிய இடங்கள் உண்டு. கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். பால்மா கரைக்க நம்பகமான குடிதண்ணீரை வாங்குங்கள்.

நெடுந்தீவு, புங்குடுதீவு போன்ற தீவுப்பக்கம் போனால் நிலைமை இன்னும் இறுக்கம். நல்ல தண்ணீர்க் கிணறு ஊரில் சிலதுதான் இருக்கும், மற்றதெல்லாம் சவர். ஒரு குடத்துக்காக வெயிலில் நடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நயினாதீவுக்குப் படகு ஏற முதல் உங்கள் போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே யார் வீட்டிலும் கால் கழுவக் கேட்பதென்றால், எந்தத் தண்ணீர் என்று கேட்டுக் கழுவுங்கள்.

அப்புறம், வீடு கட்டுகிறவர்கள். வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதித்து, முன்னால் புல்தரையும் போட்டு, ஓகஸ்ட் வெயிலில் அதற்குக் குழாய் பிடிக்க ஆள் வைப்பது இப்போது ஒரு மோஸ்தர். மழை இறங்க மண் இல்லாவிட்டால் தண்ணீர் ரோட்டுக்கு ஓடி, மதகால் கடலுக்குப் போகும். கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் போதும். கூரைப் பீலியின் நீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் மணலும் சல்லியும் போட்ட ஒரு குழிக்குள் விடச் சொல்லி மேசனிடம் பேசுங்கள். நேரே கிணற்றுக்குள் விடவேண்டாம், முதல் மழை கூரைப் புழுதியையும் காக்கை எச்சத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். நீங்கள் திரும்பிப் பறக்கும் செப்ரெம்பரில் இந்த வேலை முடிந்திருந்தால், ஒக்டோபர் மழைக்குக் குழி தயாராக இருக்கும்.