'சின்னக் கீறல்தானே' என்று விட்டுவிடாதீர்கள்: நாய்க்கடியில் நாம் செய்யும் தவறுகள்

நாய் கடித்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் ஓடுவது அடுக்களைக்குத்தான். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் என்று கைக்குக் கிடைத்ததை அள்ளிக் காயத்தில் அப்புவார்கள். ஓட வேண்டியது குழாயடிக்கு. தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். குளிக்கிற சோப்போ துணி சோப்போ, எதுவானாலும் சரி. ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் கிருமிக்கு மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். மிளகாய்த்தூளோ காயத்தை இன்னும் புண்ணாக்கும். அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு நிமிடமே போதும் என்று தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவலாம். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம், தையல் போடச் சொல்லியும் கேட்க வேண்டாம்.

இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து பரவுவதில்லை. காயத்துக்குப் பக்கத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும், அபூர்வமாக ஓராண்டு கழித்தும் நோய் வந்திருக்கிறது. அதுவரை காய்ச்சல், வலி எதுவும் தெரியாது. மூளையை எட்டி, தண்ணீர் குடிக்கப் போனாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டால், காப்பாற்ற இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை. அதனால் "கடித்து ஒரு மாதமாச்சு, ஒன்றும் ஆகலையே" என்பது தைரியம் கொள்ள வேண்டிய விஷயமே அல்ல. "இனிமேல் போய் என்ன பயன்" என்று உட்கார்ந்துவிடுவதும் தவறு. அறிகுறி வராத வரை நேரம் இருக்கிறது, இன்றே போங்கள்.

டி.டி. ஊசி போட்டாச்சு என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். அது ரண ஜன்னிக்கான ஊசி. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரேபிஸ் தடுப்பூசி தனி. அரசு மருத்துவமனைகளில் அதை 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு தோள்பட்டையிலும் தோலுக்குள் இலவசமாகப் போடுகிறார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. அது குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. நம் நாட்டில் அதை நிறுத்தி ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகின்றன.

பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காவலுக்கு நிற்பது இம்யூனோகுளோபுலின் என்ற சீரம். அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் செலுத்துவார்கள். அதிகம் தவறிப்போவது இதுதான் என்பது என் எண்ணம். வலிக்கும் என்று தட்டிக்கழிப்பார்கள், அல்லது போன இடத்தில் இருப்பு இருக்காது. வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். முதல் தடுப்பூசி போட்ட 7 நாளுக்குள் அதைப் போட்டாக வேண்டும்.

கடித்தது வீட்டு நாய், அதற்கு ஊசி போட்டிருக்கிறது என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நாயை 10 நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க நாயே இருக்காது. பூனை பிறாண்டினாலும் குரங்கு கடித்தாலும் இதே வழிதான்.

வெறி என்றால் நாய் பாய்ந்து பாய்ந்து கடிக்கும் என்றே நினைக்கிறோம். ஊமை வெறியும் உண்டு. நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வழியும். எலும்பு சிக்கிவிட்டது போல என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். மாட்டுக்கும் அப்படியே, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடும் விவசாயிகள் உண்டு. தயவுசெய்து கையை உள்ளே விடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். வீட்டை விட்டே போகாத பூனை என்றாலும் விலக்கில்லை.

வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டு விழும் என்று பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. நாய்க்குட்டியோடு விளையாடும்போது நகம் பட்டிருக்கும், சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துவிடுவார்கள். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொல்லி வையுங்கள்: "நாய் பல் பட்டாலும் நகம் பட்டாலும் வந்து சொல்லு, திட்டவே மாட்டேன்."